பால் போல நின்ற மருந்து

போன மாதம் கோவில்பட்டியில் அக்கா வீட்டில் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அக்கா மகள் தன் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்க உட்கார்ந்தாள். பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், அளவு மூடியில் ஊற்றினாள். குலுக்கவில்லை. நான் எழுந்து போய் அவள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் பாதி மருந்து தரையில் கொட்டியது. பிள்ளை அலறினான்.

“சித்தி, ஒரு தடவ குலுக்கலன்னா குடியா முழுகிரும்?” என்றாள் அவள்.

“முழுகும்” என்றேன்.

அவ்வளவு காரமாகச் சொல்லியிருக்க வேண்டாம்தான். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் துணியை எடுத்துத் தரையைத் துடைக்க உட்கார்ந்தேன். அப்போது வந்தது அந்த வாசம். ஸ்ட்ராபெரி எசன்ஸ். இந்தக் கரிசல் காட்டில் ஸ்ட்ராபெரிச் செடியைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வாசம் தெரியும். எனக்கு அதை முகர்ந்தால் பழம் ஞாபகம் வராது. பொன்னுத்தாய் ஞாபகம்தான் வரும். இரண்டு வருஷம் ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து என்னை வெறுத்தவள். நானும் பதிலுக்குக் குறை வைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.பார்ம் முடித்த கையோடு ஊருக்கு வெளியே ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் தீப்பெட்டி ஆபீஸ்கள், நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். உள்ளே சர்க்கரைப் பாகு காய்ச்சும் ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டி, பாட்டில் கழுவும் தொட்டி, லேபிள் ஒட்டும் பெண்கள் பத்துப் பேர். இருமலுக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஒன்று என மூன்றே மருந்துகள். கோடையில் அந்தக் கூரைக்குக் கீழே நின்றால் தொட்டியில் காய்வது பாகா நாமா என்று சந்தேகம் வரும். காற்று அடித்தால் ஒரு பக்கம் பாகு வாசம், மறு பக்கம் தீக்குச்சி மருந்து வாசம். மதியச் சாப்பாட்டில் இரண்டும் இருக்கும்.

மருந்தைச் சோதிக்கும் அறை ஒன்று இருந்தது. அதை நான்கு வருஷமாகத் தனியாக நடத்திவந்தவள் பொன்னுத்தாய். குளத்தூர் பக்கத்துக்காரி, பி.எஸ்சி. வேதியியல். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒல்லியாக, நிமிர்ந்து உட்காருவாள். சிரித்துப் பார்த்ததில்லை, அல்லது நான் இருக்கும்போது சிரித்ததில்லை. கம்பெனி லைசென்ஸுக்கு மருந்தியல் படித்த ஒருவரின் சான்றிதழ் வேண்டும் என்பதால் முதலாளி என்னைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே ஒரு மேஜை போட்டு உட்காரவைத்தார். கடைசிக் கையெழுத்து இனி என்னுடையது. அதற்கே அவள் என்னை வெறுத்திருக்கலாம், நியாயமும் உண்டு. ஆனால் அதற்காக அவள் வெறுக்கவில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பொன்னுத்தாயைக் காட்டி, “இவங்க யாரும்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“என்னோட ஹெல்ப்பர் சார்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பயமாக இருக்கலாம். புதுச் சேலையின் திமிராக இருக்கலாம். அதிகாரி போன பிறகு பொன்னுத்தாய் தன் சோதனைக் குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “நாலு வருசமா நான் யாருக்கு ஹெல்ப் பண்ணிட்டு இருந்தேன்னு இப்பத்தான் தெரியுது” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்க முடியாதே! பாட்டில் கழுவும் சுப்பம்மாக்காதான் எங்கள் இருவருக்கும் நடுவில் தபால். இரண்டு மேஜைக்கும் நடுவில் நான்கு அடி தூரம். அந்த நான்கடியைச் சுப்பம்மாக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடப்பாள்.

“ஏட்டி, அந்தத் தராசு ஒனக்கு எப்பம் வேணும்னு அவ கேக்கா.”

“பதினோரு மணிக்கு வேணும்னு சொல்லுங்க.”

“அவளுக்கே காது கேக்குமேட்டி! நான் எதுக்கு நடுவுல?”

நான் வேண்டுமென்றே அவள் அலமாரியின் வரிசையை மாற்றி வைப்பேன். அவள் என் அறிக்கைகளில் ஒரு புள்ளி விடுபட்டாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு முதலாளி மேஜைக்கு அனுப்புவாள். ஒரு தடவை நான் தேதியில் மாதத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். அந்தக் காகிதம் மூன்று நாள் முதலாளி மேஜையில் எடைக்கல்லுக்குக் கீழே, எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வீட்டுக்குப் போய் அழுதேன்.

இப்படி இருக்கும்போதுதான் காய்ச்சல் மருந்தில் புகார் வந்தது. அந்த மருந்துத் தூள் தண்ணீரில் கரையாது. மாவாக அரைத்து, பசை கலந்த சர்க்கரைப் பாகில் மிதக்கவிட வேண்டும். எங்கள் மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்த அரை மணி நேரத்தில் பிரிந்துவிடும். மேலே தெளிந்த நீர், கீழே பஞ்சு மாதிரி வெள்ளை. இரண்டு குலுக்குக் குலுக்கினால் கலந்துவிடும், ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். “பாத்தியாம்மா, தண்ணியாப் பிரிஞ்சு நிக்கி. தண்ணியக் கலந்து விக்கியான்னு கேக்கான் கடைக்காரன். நீ படிச்ச புள்ள, ஒரு வழி பண்ணு” என்றார். படிச்ச புள்ள என்று சொன்னபோது நான் பொன்னுத்தாயை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் பேய் மாதிரி வேலை பார்த்தேன். தூளை முன்னைவிட நைசாக அரைக்க வைத்தேன். துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும்படி ஒரு பொருளைச் சேர்த்தேன். பழைய செய்முறையில் எதற்கென்றே தெரியாமல் ஒரு சிட்டிகை உப்பு வகை இருந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு என்ன தெரியும் என்று அதைத் தூக்கிவிட்டேன். மருந்து பால் மாதிரி வந்தது. ஒரு நாள் நின்றது, ஒரு வாரம் நின்றது, பிரியவே இல்லை. ஆறு பாட்டில்களை அண்ணாச்சி மேஜையில் வரிசையாக நிறுத்தினேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “பசும்பால் தோத்துது போ!” என்றார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் அதுவரை வாங்கியதில்லை.

பொன்னுத்தாய் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தாள்.

“சூட்டுல மூணு மாசம் வச்சுப் பாக்கணும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் போடுதேன்.”

“மூணு மாசமா? கடைக்காரன் வேற கம்பெனிக்குப் போயிருவான். இப்ப மருந்து நல்லா இருக்கா இல்லியா?”

“இப்ப நல்லாத்தான் இருக்கு.”

“பெறகு என்ன?”

நான் சும்மா இருந்திருக்கலாம். “மூணு மாசம் பொறாமைல வெந்துட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. கடைசிக் கையெழுத்து என்னோடதுதான, நான் போடுதேன்” என்றேன். போட்டேன். அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில், ‘வைத்துப் பார்க்காததால் கையெழுத்திட மறுக்கிறேன்’ என்று எழுதி, தன் முழுப் பெயரையும் எழுதினாள். பிறகு பன்னிரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்க் கூரைக்கு நெருக்கமாக இருந்த பரணில் அடுக்கினாள். மாசிக் கடைசி அது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

வைகாசியில் ஒரு நாள் காலை நான் மேஜைக்கு வந்தபோது ஒரு பாட்டில் தலைகீழாக நின்றது. தண்ணீர் கீழே மூடிப் பக்கம் இறங்கியிருந்தது. வெள்ளை, மேலே பாட்டிலின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, சுண்ணாம்பு வைத்துப் பூசியது மாதிரி. எதிரே பொன்னுத்தாய் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

எடுத்துக் குலுக்கினேன். அசையவில்லை. இன்னும் குலுக்கினேன். கை வலித்தது.

“நீ கண்ட எடத்துல வச்சு வேக வச்சிருக்க” என்றேன். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“பெட்டிக்கடையில மட்டும் ஐஸ் பெட்டியிலயா வச்சிருக்கான்? இங்கனதான அங்கனயும் வெயிலு?” என்றாள். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். மேலே இருந்த நீரில் ஒரு கரண்டியும், அடியில் சுரண்டி எடுத்துக் கரைத்த ஒரு கரண்டியும் சோதித்திருந்தாள். மேல் கரண்டியில் மருந்து பேருக்குத்தான் இருந்தது. அடிக் கரண்டியில் ஐந்தாறு வேளைக்கான மருந்து.

“மேல குடிக்கிற பிள்ளைக்குக் காச்சல் எறங்காது. அடியச் சுரண்டிக் குடிக்கிற பிள்ளைக்கு ஈரல் போயிரும். நீ கையெழுத்துப் போட்டது இதுக்குத்தான்.”

நான் அந்தக் காகிதத்தில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் முதலில் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி விடுபடவில்லை.

அண்ணாச்சி மதுரைக்குப் போயிருந்தார். போனில் சொன்னேன். “சத்தங்காட்டாத. திங்கக்கெழம வந்து பாப்போம்” என்றார். அதைக் கேட்டதும் பொன்னுத்தாய், “திங்கக்கெழம வரைக்கும் ஊருல எந்தப் பிள்ளைக்கும் காச்சல் வராதாக்கும்?” என்று சொல்லிவிட்டு, எந்தெந்தக் கடைக்கு எத்தனை பாட்டில் போனது என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். மனசாட்சி உறுத்திப் போனதாகச் சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை வேறு. கடை கடையாக அவள் என்னைப் பற்றி என்ன சொல்வாளோ என்ற பயத்தில் போனேன்.

எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகும் பஸ்ஸில் அவள் முன்னால், நான் பின்னால். ஜன்னலுக்கு வெளியே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு ஊராக இறங்கினோம். கடைக்காரர்கள் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார்கள், சிலர் திட்டிக்கொண்டே. மூன்றாவது ஊரில் கடைக்காரர், “ஒண்ணு போயிருச்சே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வீடு” என்றார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே தொட்டிலில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் வெந்நீர்ச் சட்டிக்குள் எங்கள் பாட்டில். அதற்குள் ஈர்க்குச்சியை விட்டு அவள் கிண்டியிருந்தாள். கரைந்ததை டம்ளரில் ஊற்றியிருந்தாள். கெட்டியாக, கோலம் போட அரைத்த மாவு மாதிரி இருந்தது.

“மூணு நாளாக் கொடுக்கேன், காச்சல் விட மாட்டேங்கு. சத்தெல்லாம் அடியில தங்கிட்டு. அதான் வெந்நில வச்சு எளக்கி எடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டே டம்ளரோடு எழுந்தாள்.

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். பொன்னுத்தாய் இரண்டே எட்டில் போய் டம்ளரைப் பிடுங்கித் தெருவில் கொட்டினாள்.

“ஏட்டி யாருட்டி நீ! எம்பிள்ள மருந்தக் கொட்டுத!”

“கொடுத்துராதிய. இது கெட்டுப்போன மருந்து. பிள்ள ஈரலத் தின்னுரும்.”

“அப்ப எதுக்குட்டி கடையில வித்திய?”

பொன்னுத்தாய் திரும்பி என்னைக் கைகாட்டினாள். “இவள்ட்ட கேளுங்க. செஞ்சது இவதான்.”

என்னிடம் காரணங்கள் இருந்தன. பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன். நான் வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் சட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து என்மேல் எறிந்தாள். தோளில் பட்டுத் தெறித்தது. சூடான நீர் சேலை முழுக்க இறங்கியது, அந்த ஸ்ட்ராபெரி வாசத்தோடு. அக்கம்பக்கத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். “இவதானா? இவதானா?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். பொன்னுத்தாய் ஒவ்வொருவருக்கும் “ஆமா” என்றாள்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தாயோடு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆட்டோவில் எனக்கு இடம் இல்லை என்றாள். இருந்தது. நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்துவிட்டிருந்தார். அதுவரை பிள்ளை குடித்ததெல்லாம் மேல் தண்ணீர்தான். சாதாரணக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் உடம்பு வியர்த்து, பிள்ளை பன் கேட்டான். நான் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். வேறு இடமில்லாமல் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. ரொம்ப தூரம் வந்த பிறகு கேட்டேன்.

“அடியில எறுகும்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது.”

“பெறகு ஏன் கையெழுத்துப் போடல?”

“நீ செஞ்சதுன்னுதான் போடல. வேற ஒருத்தி செஞ்சிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்” என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. “ஒண்ணும் நன்றி கின்றின்னு ஆரம்பிச்சிராத. எனக்கு ஒன்னப் புடிக்காது.”

திங்கட்கிழமை அண்ணாச்சி வந்தார். கம்பெனியின் பெயரை ஊர் ஊராகப் போய்க் கெடுத்தவள் என்று பொன்னுத்தாயை அன்றே நிறுத்தினார். என்னை நிறுத்த முடியாது, லைசென்ஸ் என் சான்றிதழில் நின்றது. அவள் பையில் சோற்றுப் பாத்திரத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வைப்பதை நான் நான்கடி தூரத்திலிருந்து பார்த்தேன். என் கையெழுத்தால் வந்த வினை என்று அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளை நிறுத்தினால் நானும் போவேன் என்று சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் அந்தப் பிடி இருந்தது. சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. சுப்பம்மாக்கா மட்டும், “நல்லா இருட்டி” என்றாள் என்னைப் பார்த்து. வாழ்த்திய மாதிரி இல்லை.

பிறகுதான் உட்கார்ந்து புத்தகங்களைப் புரட்டினேன். பரீட்சைக்கு முன்னால் மனப்பாடம் செய்து ஒப்பித்த பாடம்தான். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நின்றால் மெதுவாக இறங்கும். அதனால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இறங்குகிற ஒவ்வொன்றும் சந்து பார்த்து உட்காரும். பெரியதற்கு இடையில் சிறியது, அதற்கு இடையில் அதைவிடச் சிறியது. மேலே ஏற ஏற எடை அழுத்தும். அப்புறம் அது கல். நான் தூக்கி எறிந்தேனே அந்த ஒரு சிட்டிகை உப்பு, அதுதான் துகள்களை லேசாகக் கூட்டுச் சேர்த்துவைத்தது. கூட்டாக இருப்பது சீக்கிரம் இறங்கும், ஆனால் பஞ்சாக, நடுவில் நீரை வைத்துக்கொண்டு உட்காரும். தொட்டால் எழுந்துவிடும். மழைக்காலத்தில் கலங்கிய கரிசல் தண்ணீரில் எங்கள் வீட்டில் படிகாரத்தைச் சுழற்றுவார்கள்; கலங்கல் திரிதிரியாகக் கூடிக் கீழே இறங்கும். பிறந்ததிலிருந்து பார்த்தது. பட்டம் வாங்கிய பிறகு மறந்துபோனது.

உப்பைத் திரும்பச் சேர்த்தேன். மருந்து மறுபடி அசிங்கமாகப் பிரிந்து நின்றது. “மறுபடி பிரிஞ்சு நிக்கே!” என்றார் அண்ணாச்சி. “பிரியட்டும்” என்றேன். மூன்று மாதம் பரணில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். எதிர் மேஜையில் அப்போது ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்து நானும் விட்டுவிட்டேன்.

பல வருஷம் போய், கோவில்பட்டி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். திருநெல்வேலி வண்டிக்கு நின்றுகொண்டிருந்தாள். தலையில் நரை, கையில் இரண்டு பை, அதே நிமிர்ந்த முதுகு. பக்கத்தில் போய், “பொன்னுத்தாய்” என்றேன். திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரு?”

பெயரைச் சொன்னேன். கம்பெனியைச் சொன்னேன். அன்றைக்கு அண்ணாச்சியிடம் நான் பேசியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா” என்றாள். வண்டி வந்தது, ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்து போகும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அண்ணாச்சி இறந்த பிறகு கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்திருக்கிறது. சுப்பம்மாக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வேறு ஊரில் பெரிய நிறுவனத்தில் இருக்கிறேன். துகள்களை ஒன்றையொன்று தள்ளவைக்கும் மின்னேற்றம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எங்களிடம் கருவி உண்டு. மருந்தை வைத்துப் பார்க்க, வெயிலையும் மழையையும் மாதக்கணக்கில் உள்ளே வைத்துக்கொண்டு ஓடும் அறைகள் உண்டு. என் ஒவ்வொரு அறிக்கையையும் நான்கு பேர் பார்த்துக் கணினியில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். நல்ல பிள்ளைகள், என்மேல் ரொம்ப மரியாதை. நான் அனுப்பிய ஐந்து நிமிடத்தில் நான்கு ஒப்புதலும் வந்துவிடும்.

“முழுசாப் பாத்தீங்களா?” என்று சில நாள் போன் போட்டுக் கேட்பேன்.

“நீங்க பண்ணினா சரியாத்தான் மேடம் இருக்கும்” என்பார்கள்.